வெள்ளிக்கிழமைத் தட்டு

வெள்ளிக்கிழமைகளில் எமில்டா தன் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை முழுவதாகக் கழற்றுவதில்லை. கரண்டி நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு மூலையைத் தூக்குவாள். ஒரு வாய் எடுத்ததும் மூடியைத் திரும்ப அமர்த்திவிடுவாள். மென்று விழுங்கிய பிறகு மறுபடியும் தூக்குவாள். இப்படி ஒரு பெட்டிச் சோற்றைச் சாப்பிட்டு முடிக்க அரை மணித்தியாலம் முழுவதும் போய்விடும். மற்ற நாட்களில் எல்லாரோடும் லஞ்ச் ரூம் மேசையில் இருந்து சாப்பிடுகிறவள்தான். வெள்ளிக்கிழமை மட்டும் பேஸ்மென்ற் படிக்கட்டுக்குப் போவாள். சாமான் இறக்கும் கதவுக்குப் பின்னால், மூன்றாவது படியில் ஒரு காட்போட் மட்டையைப் போட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். பதினொரு வருடம் இப்படித்தான் நடந்தது.

பெட்டிக்குள் இருந்தது கருவாடு.

அவள் வேலை செய்வது ரொறன்ரோவில், ஏரிக்கரையோரம் இருக்கிற ஒரு சின்னக் கப்பல் மியூசியத்தில். பழைய பண்டகசாலை ஒன்றைத் திருத்தி, உள்ளே நங்கூரங்களையும் வடக்கயிறுகளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னச் சின்னக் கப்பல்களையும் வைத்திருக்கிறார்கள். எமில்டாவுக்குச் சம்பளம் கொடுப்பது மியூசியம் அல்ல, துப்புரவு வேலைக்கு ஆட்களை அனுப்பும் ஒரு கொம்பனி. கொம்பனியின் சுப்பவைசர் குலசிங்கம். யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரர், பக்கத்து நகரமான மார்க்கத்தில் வீடு. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வேலை முடிந்த கையோடு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எமில்டாவுக்கு ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் செய்வதைப் பார்த்து, தானும் பெட்டியை மைக்ரோவேவுக்குள் வைத்துச் சூடாக்கினாள். இரண்டு நிமிடம் முடிவதற்குள் மேல் மாடியில் இருந்து மூன்று பேர் இறங்கி வந்தார்கள். எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்றார்கள். பிரிஜ்ஜை இழுத்துப் பார்த்தார்கள். அலுமாரிக்குப் பின்னால் பார்த்தார்கள். அடியில் இருட்டாக இருந்தபடியால் யாரோ ஒருவர் எமில்டாவின் கையில் ரோச் லைற்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அவள் முழங்காலில் இருந்து வெளிச்சம் பிடித்தாள். அரை மணித்தியாலம் தேடினார்கள். எலி அகப்படவில்லை. அவள் வாய் திறக்கவும் இல்லை. அன்றைக்கு அந்தச் சோற்றை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த வெள்ளி படிக்கட்டுக்குப் போகத் தொடங்கினாள்.

அவளுடைய சுபாவம் அப்படி. மன்னார்ப் பேசாலையில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. தொண்ணூற்றேழாம் ஆண்டு புருசன் பேனாட் கூப்பிட்டு இங்கே வந்தாள். மெத்தை செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்ற பேனாட் நெஞ்சு நோவில் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் ஸ்டெபனி, மார்க்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. எமில்டா ஸ்காபரோவில் ஒரு பெட்றூம் அப்பாட்மென்றில் தனியாக இருக்கிறாள். கதை குறைவு, பார்வைதான் கூடுதல். மியூசியத்தில் எந்தக் காவலாளி எந்த நங்கூரத்துக்குப் பின்னால் நின்று போனில் படம் பார்க்கிறான், மேல் ஒபிசில் எந்தப் பெண் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருகிறாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். மொப்போடு நிற்கிறவளை யாரும் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் எல்லாம் அவள் கண் முன்னாலேயே நடந்தன.

வெள்ளிக்கிழமை இறைச்சி தின்பதில்லை என்பதற்கு அவளிடம் பெரிய விளக்கம் கிடையாது. தவக்காலம் என்று இல்லை, வருடத்தின் எல்லா வெள்ளியும் அப்படித்தான். பங்குச் சாமியார் இப்போதெல்லாம் அவ்வளவு கண்டிப்பில்லை என்று சொன்னபோதும் அவள் விடவில்லை. திருச்சபைக் கட்டளைகள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்க முடியாதவள் ஒன்றையாவது பிசகாமல் செய்வோம் என்ற எண்ணம். வெள்ளி என்றால் மீன். மீனிலும் கட்டா மீன் கருவாடுதான். விடிய நாலரைக்கு எழும்பி, குளிர்காலத்திலும் யன்னலைத் திறந்து, வெளிக் கதவின் அடியில் ஈரத் துவாயைச் செருகி, தன் குளிர் ஜக்கெற்றைக் குப்பை போடும் காபேஜ் பையில் போட்டுக் கட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் பொரிப்பாள். இல்லையென்றால் பஸ்சில் பக்கத்தில் இருப்பவர் எழும்பிப் போய்விடுவார்.

போன வருடம் மாசியில் சிக்கல் வந்தது. மியூசியம் ஒரு புதிய கண்காட்சிக்கு ஆயத்தமானது. மரப் பெட்டிகள் வந்து வந்து பேஸ்மென்ற் படிக்கட்டு முழுவதும் அடைந்துபோனது. எமில்டாவுக்கு இருக்க இடமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, வேறு வழியில்லாமல், லஞ்ச் ரூமின் கடைசி மூலையில் இருந்து, சூடாக்காமல், மூடியின் மூலையை மட்டும் தூக்கித் தூக்கிச் சாப்பிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி குலசிங்கம் ஒரு கடிதத்தோடு வந்தார்.

"எமில்டா, இஞ்சை ஒருக்கா வாரும்."

"சொல்லுங்கோ அண்ணை."

"நீர் என்னத்தையப்பா கொண்டு வந்து திண்டனீர்? மேலை ஒபிசிலை இருந்து கொம்பனிக்கு ஈமெயில் போயிருக்கு. பிரிஜ்ஜை முழுக்க இறக்கிக் கழுவினவையாம்."

"நான் பிரிஜ்ஜிலை வைக்கேல்லை. என்ரை பாக்குக்குள்ளைதான் கிடந்தது."

"அப்ப கிடந்தது என்னெண்டு சொல்லுமன்."

"கருவாடு."

குலசிங்கம் கண்ணை மூடித் திறந்தார். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

"வெள்ளிக்கிழமை எண்டபடியாத்தான் அண்ணை."

"உங்கடை ஆக்களுக்கு வெள்ளியும் இல்லை, செவ்வாயும் இல்லை."

"எங்களுக்கும் வெள்ளி இருக்கு. வெள்ளியிலை இறைச்சி இல்லை. அதாலைதான் மீன்."

"மீன் மச்சமில்லையோ? கடலுக்குள்ளை காய்க்கிற கத்தரிக்காயோ உது?"

எமில்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள். குலசிங்கம் கடிதத்தை நீட்டினார். முதலாவது எச்சரிக்கை என்றார். இன்னொரு முறை முறைப்பாடு வந்தால் மிசிசாகாவில் எயாப்போட் வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்றார்.

"ஸ்காபரோவிலை இருந்து அங்கை போய் வர நாலு மணித்தியாலம். உம்மடை முழங்காலுக்கு உது சரிவராது. யோசியும்."

அவள் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாள். இங்கே வந்த நாளில் இருந்து எந்தக் கடிதத்தையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றைக்கே மைக்ரோவேவுக்கு மேலே ஒரு அறிவித்தல் ஒட்டப்பட்டது. கடுமையான வாசம் உள்ள உணவுகளை இங்கே கொண்டுவரவோ சூடாக்கவோ கூடாது. யாருடைய பெயரும் அதில் இல்லை. எல்லாருக்கும் யாரென்று தெரிந்தது.

பின்னேரம் ஸ்டெபனி போன் எடுத்தபோது நடந்ததைச் சொன்னாள்.

"அம்மா, ஃப்ரைடேயிலை ஒரு சீஸ் சான்ட்விச் கொண்டு போங்கோவன். வை ஆர் யூ மேக்கிங் இற் சோ டிஃபிகல்ட்?"

"நான் என்ன செய்தனான்? சாப்பாடுதானே பிள்ளை."

"எக்ஸாக்ட்லி! சாப்பாடுதானே!"

இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். எமில்டா போனை வைத்தாள்.

அடுத்த இரண்டு வெள்ளிகளும் எமில்டா சீஸ் சான்ட்விச் கொண்டுபோனாள். மேசையில், எல்லாரோடும் இருந்து, மூடியை முழுக்கத் திறந்து வைத்துச் சாப்பிட்டாள். யாரோ ஒருத்தி இன்றைக்கு எங்களோடு இருக்கிறாயே என்று சந்தோசப்பட்டாள். பாண் அவளுக்கு ருசிக்கவில்லை. இரண்டு நாளும் அரைவாசியைக் குப்பையில் போட்டாள். சாப்பாட்டைக் குப்பையில் போடுவது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதுவே மனதில் நின்றது.

இதற்கிடையில் மேலே கண்காட்சி உருவாகிக்கொண்டிருந்தது. அதற்குப் பொறுப்பான பெண் ஹெலன், நரைத்த தலைமுடி, எப்போதும் காலில் பூட்ஸ், யாரைக் கண்டாலும் வணக்கம் சொல்லும் நல்ல மனுசி. நானூறு வருடங்களுக்கு முன்னால் கப்பலோட்டிகளும் துறைமுகத்து ஏழைச் சனங்களும் என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் கண்காட்சி. மண்டபத்தின் நடுவே ஒரு நீண்ட பலகை மேசை. அதில் ஏழு தட்டுகள், கிழமைக்கு ஏழு நாள் என்ற கணக்கில். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே மரத்தால் செய்த ஒரு மூடி. வருகிறவர்கள் மூடியைத் தூக்கி, குனிந்து, மணந்து பார்க்கலாம். பொம்மைச் சாப்பாடு அல்ல, உண்மையான சாப்பாடு.

எமில்டா ஆட்கள் இல்லாத நேரத்தில் சுவர்ப் பலகைகளைத் துடைத்துத் துடைத்து வாசித்தாள். ஆங்கிலம் அவளுக்கு மெதுவாகத்தான் வரும். ஒரு பலகைக்கு ஒரு நாள் எடுத்தது. கல்லுப் போல இருக்கும் பிஸ்கற்றை மேசையில் தட்டித் தட்டிப் புழுவை விழுத்திவிட்டுத்தான் தின்றார்களாம். உப்புக் கண்டம் போட்ட மாட்டிறைச்சியைக் கடல் தண்ணீரில் ஊறப்போட்டார்களாம். பீப்பாய்த் தண்ணீர் பச்சை நிறமாகி நாறுமாம், பல்லைக் கடித்துப் பல்லாலேயே வடித்துக் குடித்தார்களாம். கரையில் இருந்த சனங்களுக்கு இறைச்சி எப்போதாவதுதான், கறுத்த பாணும் வெங்காயமும் பட்டாணிக் கஞ்சியும் உப்பு மீனும்தான் நாளாந்தம். எமில்டாவுக்கு இதில் ஒன்றும் புதினமாகப் படவில்லை. உப்பும் வெயிலும் இல்லாவிட்டால் சனம் எப்படிப் பிழைத்திருக்கும்?

வெள்ளிக்கிழமைப் பலகையில் நின்றுவிட்டாள். இந்தக் கப்பல்களில் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கிடையாது, உலர்ந்த மீன்தான் என்று எழுதியிருந்தது. அந்த மீன் மரக்கட்டை போல இருக்குமாம், சுத்தியலால் அடித்து, ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, பிறகுதான் அவிப்பார்களாம். கப்பல் முழுவதும் அந்த வாசம் நிற்குமாம். அந்த மீன்தான் கப்பலோட்டிகளைப் பாதி உலகத்தைச் சுற்றிவரச் செய்தது என்று பெருமையாக எழுதியிருந்தது.

அந்தப் பலகையின் அடியில், முழங்கால் உயரத்தில், சின்ன எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. அடியைத் துடைக்கக் குனிந்தபடியால்தான் அது அவள் கண்ணில் பட்டது. கீழைக் கடல்களில் இந்தக் கப்பல்களில் வேலை செய்த ஆசிய மாலுமிகள் சோறும் கருவாடும் சாப்பிட்டார்கள். அவ்வளவுதான். அதற்குத் தட்டு இல்லை. மூடி இல்லை.

அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியை மூன்று முறை வாசித்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். ஏழு தட்டுகள் காலியாக, சாப்பாட்டுக்குக் காத்திருந்தன.

மறுநாள் கண்காட்சி திறப்பு. தவக்காலத்தின் இரண்டாவது வெள்ளி. திறப்புக்கு முதல் நாள் பின்னேரமே எமில்டா பஸ்சால் இறங்கித் தமிழ்க் கடைக்குப் போய்க் கட்டாக் கருவாடு வாங்கினாள். விடிய யன்னலைத் திறந்தாள், துவாயைச் செருகினாள், பொரித்தாள். சோற்றைப் போட்டாள், ஒரு பக்கம் பருப்பு வைத்தாள், கருவாட்டை மேலே அடுக்கினாள். மிசிசாகாவுக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மூடினாள்.

அன்றைக்குப் பனி கொட்டியது. தட்டுகளை அடுக்க வரவேண்டிய தொண்டர்கள் வந்து சேரவில்லை. ஹெலன் பத்திரிகைக்காரரோடு வாசலில் நின்றபடி, ஒரு தாளைக் குலசிங்கத்திடம் கொடுத்து, பெட்டிகளைப் பிரித்துத் தட்டுகளில் வைத்துவிடச் சொன்னாள். குலசிங்கம் பொறுப்பான மனுசன். தாளில் இருந்தபடி ஒவ்வொன்றாக வைத்தார். எமில்டா மண்டபத்துக்கு மொப்போடு வந்தபோது பத்தரை மணி. அவள் வெள்ளிக்கிழமை மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பிஸ்கற்றும் பட்டாணியும் ஒரு துண்டு வெண்ணெயும் இருந்தன. மீன் இல்லை.

"அண்ணை, சாப்பாட்டுப் பெட்டிகளோடை பிறவுண் பேப்பரிலை சுத்தி ஒரு மீன் பாசல் வந்ததெல்லோ, அது எங்கை?"

"எது, அந்த நாத்தமோ? பழுதாப் போச்சு. கண்ணாலை பாக்கேலாது. குறட்டாலை தூக்கிக் கொண்டுபோய்க் காபேஜ் லொறியிலை போட்டிட்டன்."

"ஐயோ அண்ணை, அது வெள்ளிக்கிழமைத் தட்டுக்கெண்டு வந்தது."

"உமக்கென்ன விசரோ? இதைப் பாரும்." தாளை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "வெள்ளி: இறைச்சி இல்லாத நாள். வெள்ளியிலை மச்சம் இல்லையெண்டு வெள்ளைக்காரனே எழுதி வைச்சிருக்கிறான். அதுக்குள்ளை ஆரும் மீனைக் கொண்டுபோய் வைப்பினமோ?"

"இறைச்சிதான் இல்லை. மீன் இருக்கு. சுவரிலை எழுதியிருக்கு, வாசிச்சுப் பாருங்கோ."

குலசிங்கம் சுவருக்கு முன்னால் போய் நின்று வாசித்தார். உதடு அசைந்தது. பாதியில் உதடு நின்றுபோனது. திருநீற்றுக்கு நடுவால் வியர்வை இறங்கியது.

"லொறி போயிட்டுதோ?" என்று கேட்டாள்.

"ஒன்பது மணிக்கே போயிட்டுது."

"இப்ப என்ன செய்யிறது?"

"பட்டாணியோடை விடுவம். ஆர் பாக்கப் போகினம்?"

"ஆக்கள் அதுக்குள்ளைதான் மூக்கை வைக்கப் போகினம் அண்ணை."

எமில்டா மொப்பைச் சுவரில் சாத்தினாள். கீழே போய்த் தன் பாக்கைத் திறந்து பெட்டியை எடுத்து வந்தாள். குலசிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வழியில் நின்றார்.

"எமில்டா, வேண்டாம். உமக்கு ஏற்கெனவே ஒரு கடிதம் கிடக்கு."

"ஒண்டு கிடக்குது, மற்றதும் சேர்ந்து கிடக்கட்டும்."

அவள் மூடியை முழுவதாகக் கழற்றினாள். மண்டபத்தில் முதல் முறையாக அந்த வாசம் எழும்பியது. வெள்ளிக்கிழமைத் தட்டில் இருந்த பட்டாணியை ஒதுக்கிவிட்டு, மூன்று கரண்டி சோறும் இரண்டு துண்டுக் கருவாடும் வைத்தாள். மிச்சத்தைத் தன் மதியத்துக்கு வைத்துக்கொண்டாள். பிறகு மர மூடியைப் போட்டாள்.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. நாற்பது பேர் வரையில் வந்தார்கள். வழக்கமாக ஆட்கள் வந்ததும் எமில்டா மறைந்துவிடுவாள். அன்றைக்குச் சுவரோடு நின்றாள். சனங்கள் வரிசையாக மேசையைச் சுற்றி வந்தார்கள். பிஸ்கற்றைத் தட்டிப் பார்த்தார்கள், உப்பு இறைச்சிக்கு மூக்கைச் சுளித்தார்கள். வெள்ளிக்கிழமைத் தட்டுக்கு வந்ததும் வரிசை தேங்கியது. உயரமான ஒரு மனிதர் குனிந்து மணந்தார், மூடியைப் போட்டார், மறுபடியும் திறந்து மணந்தார். அற்புதம் என்றார். பின்னால் நின்றவர்கள் தங்கள் முறைக்கு அவசரப்பட்டார்கள்.

ஹெலனும் வந்து திறந்தாள். சோற்றைக் கண்டு திகைத்தாள். இது எங்கள் மீன் இல்லையே, யார் வைத்தது என்று கேட்டாள். குலசிங்கம் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்," என்றாள் எமில்டா. "என் மதியச் சாப்பாடு."

ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைப்பது போல மெதுவாகச் சொன்னாள். மண்டபம் அமைதியானபடியால் எல்லாருக்கும் கேட்டது. இந்தத் தட்டுக்கு வந்த மீன் பிழையாகக் குப்பைக்குப் போய்விட்டது என்றாள். யாருடைய பிழை என்று சொல்லவில்லை. பிறகு சுவர்ப் பலகையின் அடியைக் கையால் காட்டினாள். அந்தக் கடைசி வரியை வாசியுங்கள், அதில் இருக்கிற சாப்பாடு இதுதான் என்றாள். இரண்டு மூன்று பேர் முழங்காலை மடித்துக் குனிந்து வாசித்தார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கையை அப்பிரனுக்குள் விட்டுக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள்.

"மேலே இந்த வாசத்துக்கு நீங்கள் வரிசையில் நிற்கிறீர்கள். கீழே இதே வாசத்துக்கு எனக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு அது பகிடி இல்லை என்று விளங்கி நிறுத்தினாள். ஹெலனின் முகம் கழுத்துவரை சிவந்துபோனது. கடிதத்தைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றாள். உண்மையாக இருக்கலாம். பிறகு கதைப்போம் என்றாள். ஆனால் தட்டை எடுக்கச் சொல்லவில்லை. வரிசை மறுபடியும் நகர்ந்தது.

பன்னிரண்டரைக்கு எமில்டா லஞ்ச் ரூமுக்குப் போனாள். அறிவித்தலுக்குக் கீழே நின்று, பெட்டியை மைக்ரோவேவில் வைத்து, இரண்டு நிமிடம் அமத்தினாள். யாரும் எலி தேடவில்லை. எடுத்துக்கொண்டு வந்து மேசையின் நடுக் கதிரையில் இருந்தாள். மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பேர் தங்கள் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். மூன்று பேர் இருந்தார்கள்.

அவள் சாப்பிட்டு முடியும் தறுவாயில் குலசிங்கம் வந்தார். வாசலிலேயே நின்றார். கையில் தாள்.

"கொம்பனிக்குப் போன் வந்திட்டுது. நான் எழுதாமல் விடேலாது, எமில்டா."

"எழுதுங்கோ அண்ணை. உங்கடை வேலை அது."

"எழுதிப்போட்டன். கையெழுத்து வையும்."

எமில்டா கையைக் கழுவிவிட்டு வந்து தாளை வாங்கினாள். இந்த முறை வாசித்தாள். முதல் வரியில் இருந்து, விரலை வைத்து, சொல் சொல்லாக. பதினைந்து நிமிடம் போனது. குலசிங்கம் கால் மாற்றி மாற்றி நின்றார்.

"என்ன, பரீட்சைக்கோ படிக்கிறீர்?"

"பொறுங்கோ."

ஊழியர் தன் பக்கத்து விளக்கத்தை எழுதலாம் என்று கீழே நாலு கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். முதல் கடிதத்திலும் அது இருந்திருக்கும், அவள் பார்க்கவில்லை. பேனாவை வாங்கி அந்த இடத்தில் தமிழில் எழுதினாள்: மேலே தட்டில் வைத்திருப்பதும் இதுதான். நான் சாப்பிடுவதை நிறுத்த மாட்டேன்.

கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த கிழமை முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அடுத்த செவ்வாய் குலசிங்கம் மண்டபத்தில் அவளைத் தேடி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"நீர் என்னை மாட்டிப்போட்டீர்."

"என்ன அண்ணை?"

"நீர் எழுதினதை அங்கை ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியேல்லை. ஆரிட்டைக் கொடுக்கிறது? என்னட்டைத்தான் திருப்பி அனுப்பினவை. இங்கிலிசிலை மாத்தித் தரட்டாம்."

"மாத்திக் குடுத்தனீங்களோ?"

"குடுத்தன்."

"என்னெண்டு?"

"நீர் எழுதினது எழுதினபடி. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை." நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டு சொன்னார். "அந்தப் பாசலை எறிஞ்சவன் நானெண்டும் கீழை ஒரு வரி போட்டன். ஒரு மீனை எறிஞ்சதுக்கு மேலாலை பொய்யும் எழுதினால் பிள்ளையார் பொறுக்க மாட்டார்."

எமில்டா அவரைப் பார்த்தாள். இந்த மனுசனை இத்தனை வருடம் பார்த்ததில் இது அவள் காணாத பக்கம்.

"உங்களுக்கும் கடிதம் தந்தவையோ?"

"தந்தவை. முதலாவது எச்சரிக்கை." முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டே சொன்னார். "அதுக்காக நான் வெள்ளிக்கிழமையிலை உம்மடை பக்கம் வருவன் எண்டு நினைக்காதையும். எனக்கு அது மச்சம்தான்."

கண்காட்சி வைகாசி வரைக்கும் நடந்தது. ஹெலன் புதிதாக உலர்ந்த கொட் மீன் எடுப்பித்து வெள்ளிக்கிழமைத் தட்டில் வைத்தாள். மேசையின் முனையில் எட்டாவதாக ஒரு தட்டும் வந்தது. சோறும் கருவாடும். அதற்கும் மர மூடி. ஒவ்வொரு கிழமையும் அதை வீட்டில் சமைத்துக் கொண்டுவர முடியுமா என்று ஹெலன் எமில்டாவிடம் கேட்டாள். முடியாது என்றாள் எமில்டா. என் சாப்பாடு நான் சாப்பிடுவதற்கு என்று சொல்லி, ஸ்காபரோக் கடையின் விலாசத்தையும், கருவாட்டை எத்தனை தரம் கழுவி எப்படிப் பொரிக்க வேண்டும் என்பதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். முதல் இரண்டு கிழமையும் ஹெலன் கருக்கிவிட்டாள். மூன்றாவது கிழமை பரவாயில்லை.

கண்காட்சி முடிந்து, தட்டுகளும் சுவர்ப் பலகைகளும் பெட்டிக்குள் போய்விட்டன. மைக்ரோவேவுக்கு மேலே உள்ள அறிவித்தல் இன்னும் இருக்கிறது. அதைக் கழற்றும்படி யாரும் சொல்லவில்லை, எமில்டாவும் கேட்கவில்லை. அவளுடைய இரண்டு கடிதங்களையும் கொம்பனி திரும்பப் பெறவில்லை. மிசிசாகாவுக்கும் மாற்றவில்லை. லஞ்ச் ரூமில் இரண்டு பேர் வெள்ளிக்கிழமைகளில் ஒரு மணிக்குத்தான் சாப்பிட வருகிறார்கள். குலசிங்கம் அன்றைக்கு அந்தப் பக்கமே வருவதில்லை. பேஸ்மென்ற் படிக்கட்டில் இருந்த பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள், மூன்றாவது படி காலியாகக் கிடக்கிறது. எமில்டா அங்கே போவதில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு அவள் தன் பெட்டியைச் சூடாக்கி, மேசையின் நடுக் கதிரையில் இருந்து, மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடுகிறாள்.